செங்கம்மா பிழிந்த மாம்பழ ரசம்

திருப்பதி
11.2.2024

அன்புள்ள நைனாவுக்கும் அம்மாவுக்கும்,

கீர்த்தி எழுதுகிறேன். நான் நல்லபடி இருக்கிறேன். நைனாவின் சர்க்கரை எந்த அளவில் நிற்கிறது, அம்மாவின் முழங்கால் படியேற விடுகிறதா என்று எழுதுங்கள்.

போனில் பேசினால் நைனாவுக்குக் காது எட்டுவதில்லை. ஸ்பீக்கரில் போட்டால் மெஸ்ஸில் சாப்பிடுகிற லாரிக்காரர்கள் எல்லாரும் நம் குடும்பப் பேச்சைக் கேட்டுக்கொண்டே சோறு பிசைகிறார்கள். அதனால்தான் கடிதம். சலீம் பாய், தையல் மிஷினை நிறுத்திவிட்டு வந்து இதை வாசிப்பதற்கு நன்றி. அம்மா இரண்டாம் தடவை வாசிக்கச் சொன்னால் ஒரு டீ கேட்டு வாங்குங்கள்.

விஷயம் இதுதான். சித்தூரில் ஒரு மாம்பழக் கூழ் பாக்டரி, சீசன் ஆட்களுக்கு மதியச் சாப்பாடு போட ஆள் தேடுகிறது. நம் மெஸ்ஸைச் சொல்லியிருக்கிறேன். ஆனால் அவர்கள் வெளிநாட்டுக்குச் சரக்கு அனுப்புகிறவர்கள். சமையல்கட்டு ஒழுங்கில் இருந்தால்தான் உள்ளே விடுவார்கள். ஊறுகாய் போடுகிறவர்கள், இட்லி மாவு அரைக்கிறவர்கள், பேக்கரிக்காரர்கள் என்று திருப்பதி முழுக்க நான் போய்ச் செய்து கொடுக்கிற வேலைதான் இது. எது எங்கே கெடும், யார் கை எதில் படும், எவ்வளவு நேரம் சூடு நிற்கும் என்று பார்த்துப் பார்த்து ஒரு ஒழுங்குமுறை வைத்துக் கொடுப்பது. ஊருக்கெல்லாம் செய்துவிட்டுப் பெற்றவர்கள் மெஸ்ஸுக்கு மட்டும் செய்யவில்லை. வெட்கமாக இருக்கிறது.

கை கழுவத் தனியாக ஒரு தொட்டி வேண்டும். பாத்திரம் கழுவுகிற இடத்தில் கை கழுவக்கூடாது. கறி வெட்டுகிற பலகை வேறு, காய் வெட்டுகிற பலகை வேறு. வெந்ததைக் கையால் தொடக்கூடாது, கரண்டிதான். பிரிட்ஜில் ஒரு சூடுமானி மாட்டித் தருகிறேன். பிறகு டாக்டர் சோதனை. ரத்தம், மலம், மார்புப் படம் எல்லாம் எடுப்பார்கள். அம்மா, நைனா, அடுப்படியில் கூட வேலை செய்கிற செல்லியம்மா அக்கா மூன்று பேரும் போகவேண்டும். "எனக்கு இன்னா நோவு?" என்று அம்மா ஆரம்பிக்கும். விடாதீர்கள்.

உங்கள் மகள்
கீர்த்தி

*

சித்தூர்
3.3.2024

அருமை மகள் கீர்த்திக்கு, உன் நைனா கோவர்த்தனன் சொல்லச் சொல்ல சலீம் பாய் எழுதுவது. இங்கே நாங்கள் சுகம். சர்க்கரை ஏறி இறங்கிக்கொண்டு அதன் பாட்டுக்கு இருக்கிறது. முழங்காலைப் பற்றிக் கேட்டதற்கு, "அவ வந்து ரெண்டு நாள் தேய்ச்சு விட்டா சரியாப் போகும்" என்று உன் அம்மா செங்கம்மா எழுதச் சொல்கிறாள்.

தொட்டி வைத்தாயிற்று. உன் அம்மா முதல் நாள் அதன் எதிரே இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"கை கழுவ எனக்கு இவ சொல்லித் தர்றாளா? இவளுக்குக் கழுவி விட்ட கை இது!" என்றாள்.

"அதான் நல்லாக் கழுவச் சொல்றா" என்றேன். அன்றைக்கு எனக்கு மோர் கிடைக்கவில்லை.

செல்லியம்மாவுக்கு நீ அனுப்பின தொப்பியை மாட்டிவிட்டோம். கூழ் லாரி ஓட்டுகிற மோகன்ராஜ் அதைப் பார்த்துவிட்டு, "அக்கா ஊசி போட வந்துட்டாங்க, எல்லாரும் சட்டையைக் கழட்டுங்கடா" என்றான். அவள் கரண்டியை ஓங்கிக்கொண்டு போனாள். "அந்தக் கரண்டி கொழம்புக் கரண்டி, அவன் தலையில பட்டா மறுபடி கழுவணும்" என்று உன் அம்மா இங்கிருந்து கத்தினாள். ஆகையால் நீ சொன்னது கொஞ்சம் ஏறியிருக்கிறது.

எனக்கு எழுத்து தெரியாததற்காக சூடுமானியில் சிவப்பு நாடா ஒட்டிக் கொடுத்தாயே, அது நல்ல யோசனை. முள் நாடாவைத் தாண்டினால் செல்லியம்மாவைக் கூப்பிடுகிறேன். பாக்டரி மேனேஜர் ஒருமுறை வந்து பார்த்துவிட்டுத் தலையை ஆட்டிவிட்டுப் போனார். உன் அம்மா அன்றைக்கு முழுக்கப் பாடிக்கொண்டே வேலை செய்தாள். மாப்பிள்ளை போனபிறகு அவள் பாடி நான் கேட்டதில்லை.

டாக்டர் சோதனைக்கு வருகிற வாரம் போகிறோம். உடம்பைப் பார்த்துக்கொள். வெயிலில் அலையாதே.

கோவர்த்தனன்
(கைநாட்டு)

*

திருப்பதி
19.3.2024

அன்புள்ள நைனா, அம்மா இருவருக்கும்,

கடிதம் கிடைத்தது. அம்மா பாடினதைப் படித்துவிட்டு ஆபீசில் தனியாகச் சிரித்தேன். நான் சுகம். தொண்டைதான் கட்டியிருக்கிறது. நேற்று ரேணிகுண்டா ரோட்டில் ஒரு பேக்கரியில் நாள் முழுக்கப் பேசினேன். "மேடம், எங்க தாத்தா காலத்துல இதெல்லாம் ஏது, யாரு செத்தா?" என்று முதலாளி கேட்டார். என் வீட்டில் யார் செத்தார்கள் என்று நான் எங்கேயும் சொல்வதில்லை.

நேற்று கங்கையாவைப் பார்த்தேன். பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் தயிர்வடை வண்டி வைத்திருந்தவன். வேலை முடிந்து அவர் தினமும் நின்று சாப்பிட்ட வண்டி. கல்யாணமான அந்த வருஷமே, ஆடி முடிந்து ஆவணியில் டைபாய்டு வந்து, குடலில் ஓட்டை விழுந்து அவர் போனாரே, அந்தக் காரியம் முடிந்த மறுநாள் நான் தெருவில் நின்று அவனைத் திட்டினேன். வண்டியை எடுக்க வைக்கிற வரைக்கும் மனுக் கொடுத்தேன். இப்போது ஒரு அப்பார்ட்மெண்டில் வாட்ச்மேனாக இருக்கிறான். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றான், நைனா. எனக்கு இரக்கம் வரவில்லை. பூவராகவன் என்று ஒருத்தர் இருந்தார் என்பதே இந்த ஊரில் யாருக்கும் ஞாபகமில்லை, இவன் மட்டும் இன்னும் இருக்கிறானே என்றுதான் தோன்றியது. (பேரைச் சொல்லி எழுதினதற்கு அம்மா திட்டவேண்டாம்.)

அந்தக் கோபத்தில்தான் இந்த வேலைக்கு வந்தேன். இன்னொரு வீட்டில் இது நடக்கக்கூடாது என்று.

டாக்டர் சர்டிபிகேட் மூன்றும் வந்ததும் அனுப்புங்கள். மேனேஜர் கேட்கிறார்.

கீர்த்தி

*

சித்தூர்
20.4.2024

மகள் கீர்த்திக்கு நைனாவின் ஆசி. இங்கே சுகம். உன் தொண்டை தேவலையா? வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளி.

பதில் எழுத நாளாகிவிட்டது. வேலை அதிகம்.

சர்டிபிகேட் எனக்கும் செல்லியம்மாவுக்கும் வந்தது. உன் அம்மாவுக்குப் பித்தப்பையில் கல் இருக்கிறதாம். படம் எடுத்துப் பார்த்தார்கள். மாத்திரை நடக்கிறது, பிறகு ஆபரேஷன் செய்து எடுத்துவிடலாம் என்றார்கள். பயப்படும்படி இல்லை. நீ வரவேண்டாம். வேலையைக் கெடுத்துக்கொள்ளாதே.

பாக்டரி சாப்பாடு நமக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். வயதாகிவிட்டது. மேனேஜரிடம் நீ ஒன்றும் பேசவேண்டாம்.

இன்னொன்று. இனிமேல் கடிதத்தை மெஸ்ஸுக்குப் போடாதே. சலீம் பாய் கடை விலாசத்துக்குப் போடு. மெஸ்ஸில் தபால் கைமாறிவிடுகிறது.

இந்த வருஷம் மரத்தில் பிஞ்சு நிற்கவில்லை. நல்ல வெயில்.

கோவர்த்தனன்
(கைநாட்டு)

*

திருப்பதி
26.4.2024

நைனாவுக்கு,

நீங்கள் இருவரும் சுகம் என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு நம்பிக்கையில்லை.

மெஸ்ஸில் தபால் எப்போது கைமாறியது? நீங்களும் அம்மாவும் சலீம் பாயும் சேர்ந்து உட்கார்ந்து கேட்கிற கடிதம். இப்போது அம்மா கேட்கக்கூடாது என்று கடைக்குப் போடச் சொல்கிறீர்கள். பாக்டரி ஆர்டர் வரப்போகிறது என்று பாடின அம்மாவுக்காகவாவது அதை விட்டிருக்க மாட்டீர்கள்.

போன் செய்தேன். அம்மாதான் எடுத்தது. "கல்லாம்டி, வீடு கட்ட ஆவுமான்னு கேட்டேன், டாக்டரம்மா சிரிக்கவே இல்ல" என்றது. எனக்கும் சிரிப்பு வரவில்லை.

நைனா, கட்டியா? அப்படியென்றால் சொல்லிவிடுங்கள். வேலூரில் பெரிய ஆஸ்பத்திரி இருக்கிறது, நான் லீவு போட்டுக் கூட்டிப் போகிறேன். ஒருத்தரை ஜுரம் என்று அலட்சியமாக விட்டு ஒருமுறை பறிகொடுத்திருக்கிறேன். அம்மாவையும் அப்படி விடமாட்டேன்.

உடனே எழுதுங்கள்.

கீர்த்தி

*

சித்தூர்
14.5.2024

அருமை மகளுக்கு, நைனா எழுதச் சொல்வது. சுகம். நீயும் சுகமாக இருக்கவேண்டும்.

கட்டி இல்லை. உன் தலைமேல் சத்தியமாக இல்லை. கல்தான். நீ மனதைப் போட்டு உழப்பிக்கொள்ளாதே.

அடுப்படிக்கு இப்போது செல்லியம்மாதான். உன் அம்மாவுக்கு அடுப்புச் சூடு ஆகாது என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறார். அவள் சும்மா இருப்பாளா? தயிர்சோறாவது பிசைகிறேன் என்று வந்தாள். நான் பாத்திரத்தை வாங்கி வைத்துவிட்டேன். "நான் இன்னா விருந்தாளியா, குந்திக்கினு துன்ன?" என்று சண்டை. வெற்றிலைக்குக்கூட அவள் சுண்ணாம்பு தடவித் தருவதை வேண்டாம் என்கிறேன் என்று இரண்டு நாள் பேசவில்லை. இப்போது வாசலில் உட்கார்ந்து வருகிறவர்கள் போகிறவர்களிடம் பேசிக்கொண்டிருக்கிறாள்.

எனக்குத் தூக்கம் குறைந்துவிட்டது. பழையதெல்லாம் வருகிறது. நீ கைக்குழந்தையாய் இருந்தபோது, கார்வேட்டிநகரத்தில் ஏரி உடைந்த வருஷம், உன் அம்மா ஒரு மாதம் ஜுரத்தில் கிடந்தாள். நாமக்கார வைத்தியர் கஷாயம் கொடுத்தார். பிழைத்து எழுந்தாள். அவள் எழுந்த அன்றைக்கு என்ன நிறப் புடவை கட்டியிருந்தாள் என்று கேட்டால்கூடச் சொல்வேன். எழுத்து தெரிந்தவர்களுக்கு ஒரு வசதி இருக்கிறது, கண்ணு. தாளில் இறக்கி வைத்துவிட்டு மறந்துபோகலாம். எனக்கு எல்லாம் உள்ளேயே நிற்கிறது.

ஆடி அமாவாசைப் படையலுக்கு மாப்பிள்ளை படத்துக்கு முன்னால் வருஷா வருஷம் உன் அம்மா ஒப்பட்டுப் போளியும் கையால் பிழிந்த மாம்பழ ரசமும் வைப்பாள் அல்லவா, இந்த வருஷம் ரசம் வேண்டாம், ஒப்பட்டு மட்டும் போதும் என்று சொல்லியிருக்கிறேன். நீ வரும்போது கேட்காதே.

வேளைக்குச் சாப்பிடு.

கோவர்த்தனன்
(கைநாட்டு)

*

திருப்பதி
20.5.2024

நைனா,

பித்தப்பைக் கல்லுக்கு அடுப்புச் சூடு ஒன்றும் செய்யாது. தயிர்சோறு பிசைவதற்கு அடுப்பே வேண்டாம். சுண்ணாம்புக்கும் வேண்டாம்.

வெந்து இறங்கின பிறகு கை படுவது, வேகவே வேகாதது. நீங்கள் அம்மாவிடமிருந்து வாங்கி வைக்கிறதெல்லாம் அதுதான். நான் ஊர் ஊராகப் போய் வகுப்பெடுக்கிற பாடம் இது. டைபாய்டு ஜுரம் வந்து பிழைத்தவர்களில் சிலர், ஜுரமே இல்லாமல் அந்தக் கிருமியை வருஷக்கணக்காகப் பித்தப்பையில் சுமப்பார்கள், அவர்களுக்கு ஒன்றும் ஆகாது என்று சொல்லும்போது நான் ஒரு படம் போட்டுக் காட்டுவேன். ஒரு பொம்பளை சமைக்கிற படம். சிரித்துக்கொண்டிருப்பாள்.

அந்த ஆடிக் கிருத்திகைக்கு விருந்துக்கு வந்தவருக்கு அம்மா கையாலே மாம்பழ ரசம் பிழிந்து கொடுத்தது.

நான் ஒன்றே ஒன்று கேட்கிறேன். ஆமாம் என்று மட்டும் எழுதினால் போதும். இல்லை என்றால் இல்லை என்று எழுதுங்கள். வேறு எதுவும் வேண்டாம்.

*

சித்தூர்
30.6.2024

மகளே,

ஆமாம்.

இந்த ஒரு வார்த்தையைச் சொல்லத் தினமும் சலீம் பாய் கடைக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டு எழுந்து போனேன். அவர் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருப்பார். பிறகு மூடிவிட்டு யாருக்காவது பட்டன் தைப்பார்.

கிருமி இருப்பது மலச் சோதனையில் தெரிந்தது. தப்பாக இருக்கும் என்று மறுபடி எடுக்கச் சொன்னேன். மறுபடியும் அதேதான். டாக்டரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அவங்களுக்கு ஒண்ணும் ஆவாது பெரியவரே. அவங்க கையால துன்றவங்களுக்குத்தான்" என்றார். என்றைக்கோ வந்த ஜுரத்தில் தங்கினது என்றார். ஏரி உடைந்த வருஷம் என்றேன். அவர் எழுதிக்கொண்டார்.

நான் அவள் கையால் சாப்பிட்டவர்களை எல்லாம் நினைத்துப் பார்த்தேன். நினைக்காமல் இருக்க முடியவில்லை. கார்வேட்டிநகரத்தில் நம் வீட்டு மாடியில் குடியிருந்த வாத்தியார், ஜுரம் என்று மாற்றல் வாங்கிக்கொண்டு போனவர். வேலூர் லாரியில் வந்த கிளீனர் ஒருத்தன், பெயர் பவன்குமார், ஒரு மாதம் வராமல் பிறகு எலும்பாய் வந்தான். செல்லியம்மாவின் தம்பி. இவர்கள் எல்லாம் பிழைத்தார்கள். சூடாக இலையில் விழுந்தது யாரையும் ஒன்றும் செய்யவில்லை. இதெல்லாம் அவளால்தானா என்று டாக்டரம்மாவைக் கேட்டேன். இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம் என்றார். மாப்பிள்ளையைப் பற்றியும் டாக்டரம்மாவைக் கேட்டேன். அவர் அடுத்த நோயாளியின் சீட்டை எடுத்தார்.

அன்றைக்குத் திருத்தணிக்குப் போய்விட்டு வந்தீர்கள். நீலம் பழம். உன் அம்மா வளையலைக் கழற்றி முழங்கை வரைக்கும் பித்தளைப் பாத்திரத்தில் விட்டுப் பிழிந்தாள். "ஜூஸ் மிஷின் வாங்கித் தர்றேன் அத்தை" என்றார் மாப்பிள்ளை. "மிஷினு போட்டா ருசி போய்டும், நீ குடி" என்றாள். இன்னொரு டம்ளர் கேட்டு வாங்கினார். எனக்குச் சர்க்கரை, நான் தொடவில்லை. நீ அவள் கையிலேயே வளர்ந்தவள், உன் உடம்புக்கு அது பழக்கம் என்று டாக்டரம்மா சொன்னார்.

பித்தப்பையை எடுத்தாயிற்று. இது உனக்குத் தெரியும். ஆஸ்பத்திரி கேட் வரைக்கும் நீ வந்து, ஆட்டோவை விட்டு இறங்காமலே திரும்பினதைச் செல்லியம்மா பார்த்தாள். என்னிடம் மட்டும் சொன்னாள். நாயுடுபேட்டையில் உனக்கு இன்ஸ்பெக்ஷன் என்று உன் அம்மாவிடம் சொன்னேன். "அங்க துன்ன நேரத்துக்கு இன்னா கெடைக்குமோ" என்றாள்.

கீர்த்தி, உன்னிடம் நான் எதுவும் கேட்டதில்லை. இதைக் கேட்கிறேன். அவளுக்குத் தெரியவேண்டாம். மாப்பிள்ளை என்றால் அவளுக்குப் பெற்ற பிள்ளை. அவர் போனபோது உன்னைவிட அவள்தான் சுவரில் மோதிக்கொண்டாள். தெரிந்தால் இருக்கமாட்டாள். நீ என்னைத் திட்டு, என்னோடு பேசாமல் இரு. அவளிடம் மட்டும் எப்போதும்போல இரு.

கோவர்த்தனன்
(கைநாட்டு)

கீர்த்தியம்மாவுக்கு: இதை எழுதினது என் கை. என் வீட்டாரிடம்கூடப் போகாது. அண்ணன் இதைச் சொல்லி முடித்ததிலிருந்து கடை மூடுகிற வரைக்கும் நான் மிஷினை மிதிக்கவில்லை. - சலீம்

*

திருப்பதி
14.7.2024

நைனாவுக்கு,

நீங்கள் சுகமா? நான் இருக்கிறேன்.

அம்மாமேல் கோபம் இல்லை. அம்மா என்ன செய்தது? ஆசையாய்ப் பிழிந்து கொடுத்தது. இதை நான் எனக்கே வகுப்பெடுக்கிற மாதிரி சொல்லிக்கொள்கிறேன். கிருமி யாரையும் குற்றவாளி ஆக்காது என்று ஊறுகாய்க்காரிகளுக்கு நான்தான் சொல்வேன். தலை ஒத்துக்கொள்கிறது. போன் மணி அடித்து "அம்மா" என்று வந்தால் மட்டும் கை போனைக் கவிழ்த்து வைக்கிறது. எடுக்கவில்லை என்று அம்மா வருத்தப்படும். மீட்டிங் என்று சொல்லிவிடுங்கள்.

கங்கையாவைத் தேடிப் போனேன். கேட் பக்கத்தில் நாற்காலியில் இருந்தான். என்னைப் பார்த்ததும் வழக்கம்போல எழுந்தான்.

"உக்காருங்க. வண்டி மறுபடி வைக்கலாமா? தண்ணித் தொட்டி, மூடி போட்ட கண்ணாடிப் பெட்டி, லைசென்சு, எல்லாம் நான் பார்த்துத் தர்றேன்" என்றேன்.

"எந்துக்கம்மா இப்புடு?" என்றான். ஏன் இப்போது என்றால் நான் என்ன சொல்ல? "அன்னைக்குச் சொன்னேனே, என் சின்னப் பையனும் அதே வடைதாம்மா துன்னான், அவனுக்கு ஒண்ணும் ஆவலியேன்னு. நீ கேக்கலை. உன் துக்கம், நீ எப்படிக் கேப்பே?" என்றான். பிறகு, "வயசாயிடுச்சும்மா. மாவு அரைக்கிற கை நடுங்குது. இந்தக் குர்ச்சியே போதும்" என்றான்.

அவன் காலில் விழவேண்டும்போல இருந்தது. விழுந்தால் காரணம் சொல்லவேண்டும். காரணம் அம்மா. திரும்பி வந்துவிட்டேன்.

ஆபரேஷனுக்குப் பிறகு எடுத்த சோதனைகளில் கிருமி இல்லை என்று டாக்டரம்மா எனக்கும் சொன்னார். இனி அம்மா கையால் யாரும் சாப்பிடலாம். அது உண்மை. எனக்குத் தெரியும்.

அமாவாசைக்கு வரப் பார்க்கிறேன். அம்மாவுக்குத் தெரியவராது. என்மேல் சத்தியம்.

கீர்த்தி

*

திருப்பதி
7.8.2024

அன்புள்ள நைனாவுக்கு,

நல்லபடி வந்து சேர்ந்தேன். அம்மா இளைத்திருக்கிறது. சத்து மாத்திரை விடாமல் கொடுங்கள்.

வேண்டாம் என்று நீங்கள் சொல்லியும் அம்மா மாம்பழ ரசம் வைத்தே தீருவேன் என்று வைத்துவிட்டதே, நான் என்ன செய்ய முடியும்? பல்வலி என்று சொல்லி இலையில் சாப்பிடாமல் எழுந்தது அம்மாவுக்குக் கஷ்டமாக இருந்திருக்கும். அதற்காகத்தான் டப்பாவில் ஊற்றிக் கொடுத்ததை மறுக்காமல் வாங்கிக்கொண்டேன். பஸ்ஸில் வரும்போதே குடித்து முடித்தேன். நன்றாக இருந்தது என்று அம்மாவிடம் சொல்லுங்கள். எப்போதும்போல இருந்தது என்று சொல்லுங்கள்.

டப்பாவை அடுத்தமுறை வரும்போது கொண்டுவருகிறேன்.

கீர்த்தி

*

சித்தூர்
25.8.2024

என் மகள் கீர்த்திக்கு, நைனா சொல்லி எழுதுவது. உடம்பு எல்லாருக்கும் ஒருவாறு இருக்கிறது.

அன்றைக்கு நீ கண்ணாடியை மறந்து வைத்துவிட்டுப் போனாய். அதை எடுத்துக்கொண்டு நான் பின்னாலேயே பஸ் ஸ்டாண்டுக்கு வந்தேன். நீ குழாயடியில் நின்றிருந்தாய். டப்பாவைத் திறந்து வாய்வரைக்கும் கொண்டுபோனாய். இறக்கினாய். மறுபடி கொண்டுபோனாய். பிறகு சாக்கடைப் பக்கமாகக் குனிந்து சாய்த்தாய். மஞ்சளாய்ப் போயிற்று. அப்புறம் டப்பாவைக் கழுவினாய், கழுவினதையே திரும்பத் திரும்பக் கழுவினாய். உன் தோள் குலுங்கினது எனக்கு முதுகுப்பக்கமிருந்தே தெரிந்தது. நான் கூப்பிடவில்லை. கண்ணாடி இங்கேதான் இருக்கிறது.

உன்னைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. வீட்டுக்கு வந்த பிறகு நடந்ததைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

உன் அம்மா வாசலிலேயே உட்கார்ந்திருந்தாள்.

"துன்னாளா?" என்றாள்.

"பஸ்ஸு ஏறுறதுக்குள்ளயே பாதி துன்னுட்டா" என்றேன்.

"வாணாய்யா. நீ பொய் சொன்னா காதைச் சொறிவே" என்றாள். நான் கையை இறக்கினேன். "அவ துன்னமாட்டா. எப்படித் துன்னுவா? நானா இருந்தா துன்னுவேனா?"

படியில் உட்கார்ந்தேன்.

"இன்னா சொல்றே?"

"எல்லாருக்கும் சட்டிபிகேட்டு வந்துச்சு, எனக்கு வரலை. தயிர்சோத்தைப் புடுங்கினே. மாம்பழ ரசம் வாணாம்னே. நான் படிக்காதவதான், மண்ணா?" என்றாள். "நீ மருந்து வாங்கப் போனே பாரு, அப்போ டாக்டரம்மா என்னைக் கேட்டாங்க. உங்க கையால துன்னு யாருக்காச்சும் பெரிய ஜுரம் வந்துச்சாம்மான்னு. நான்தான் சொன்னேன், என் மாப்பிள்ளைக்கு வந்துச்சுன்னு. என் வாயாலதான் சொன்னேன். அந்தம்மா பேனாவை நிறுத்திட்டாங்க. அப்பவே புரிஞ்சு போச்சு."

இத்தனை மாதமும் நான் பொத்திப் பொத்தி வைத்திருந்ததை அவள் முன்னாலேயே தெரிந்து வைத்துக்கொண்டு, எனக்காக வாசலில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசியிருக்கிறாள். வீடு கட்ட ஆகுமா என்று கேட்டதெல்லாம் உன்னைச் சிரிக்க வைக்கத்தானாம்.

"தெரிஞ்சுமா ரசம் வெச்சே?" என்று கேட்டேன். கோபமாகத்தான் கேட்டேன். "அந்தப் புள்ளையை எதுக்குச் சோதிச்சே?"

தான் பிழியவே இல்லை என்று அவள் சொன்னதைச் செல்லியம்மாவைக் கூப்பிட்டுக் கேட்டேன். நிஜம்தான். அன்றைக்கு உன் அம்மா அந்தப் பழத்தைத் தொடவேயில்லை. டாக்டர் சரியென்று சொன்ன பிறகும் தொடவில்லை. செல்லியம்மாவைச் சோப்புப் போட்டுக் கழுவச் சொல்லி, நீ அனுப்பின கையுறையை மாட்டச் சொல்லி, அவளைப் பிழிய வைத்திருக்கிறாள். இவள் எட்டி, சுவரோரம், இரண்டு கையையும் முந்தானைக்குள் சுருட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாளாம். டப்பாவில் ஊற்றினதும் செல்லியம்மாதான். உன்னிடம் நீட்டினது மட்டும் இவள்.

"என் கை படலைன்னு சொல்லிக் குடுத்தா அவ துன்னிருப்பா. அது எனக்கு எதுக்கு?" என்றாள். "என் கைன்னு நெனச்சுக்கினு ஒரு வாய் துன்னுட்டான்னா, என்னை மன்னிச்சு விட்டுட்டான்னு அர்த்தம். துன்னலை. சரிதான். அவ மேல தப்பில்லை."

அப்புறம் அவள் அழவில்லை. உள்ளே போய் மாப்பிள்ளை படத்துக்கு முன்னால் இருந்த டம்ளரை எடுத்து, அந்த ரசத்தை அவளே குடித்தாள்.

இதை உனக்கு எழுதாமல் விடலாம் என்றுதான் இத்தனை நாள் இருந்தேன். "எழுது, அவளும் மூடி மூடி வெச்சுக்கினு எத்தினி நாளு மூச்சு முட்டுவா" என்று அவளே என்னைச் சலீம் பாய் கடைக்குக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறாள். இதோ பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள்.

நீ வரவேண்டும் என்று அவள் கேட்கவில்லை. போனை எடுக்கவேண்டும் என்றும் கேட்கவில்லை. டப்பாவை மட்டும் அனுப்பச் சொல்கிறாள். பஸ்ஸில் கொடுத்துவிட்டால் நான் வாங்கிக்கொள்வேன். அவள் சொன்னதை அப்படியே எழுதச் சொல்கிறேன்:

"வெறும் டப்பாவா அனுப்பாதடி. வாங்கின ஏனத்தை வெறுமையாத் திருப்பக்கூடாது. ஒரு புடி சக்கரை போடு. அரிசி இருந்தா அரிசி போடு. உன் கையால எதைப் போட்டாலும் நான் துன்னுவேன்."

கோவர்த்தனன்
(கைநாட்டு)

பக்கத்தில் இருக்கிற இன்னொரு கைநாட்டு உன் அம்மாவுடையது. அதை வைக்குமுன் எதிர்க் கடைக் குழாயில் சோப்புப் போட்டுக் கை கழுவிக்கொண்டு வந்தாள். நீ காகிதத்தைப் பயப்படாமல் தொடலாம் என்று எழுதச் சொல்கிறாள்.